மலையில் ஓடும் கால்களுக்கு எத்தனை நாள் ஓய்வு?

நகர்வல ஓட்டம் முடிந்த மறுநாள், மலையகப் பாடசாலை ஒன்றின் மாடிப்படிகளைக் கவனித்தால் யார் யார் ஓடினார்கள் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். ஏறும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. இறங்கும்போதுதான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு படியாகக் காலை வைப்பார்கள். மூச்சு வாங்கியது ஏற்றத்தில்தான். ஆனால் வலி வந்திருப்பது இறக்கத்தில் உழைத்த தசைக்கு.

ஏற்றத்தில் தொடையின் முன்தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறக்கத்தில் அதே தசை, உடல் முன்னால் சரியாதபடி பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது. சுருங்க முயலும்போதே அது இழுபட்டு நீள்கிறது. இந்த இழுபறியில் தசை இழைகளுக்குள் உள்ள நுண்ணிய அமைப்புகள் ஆங்காங்கே குலைகின்றன. அவற்றைச் சீர்செய்ய நோயெதிர்ப்புக் கலங்கள் திரள்கின்றன, இலேசாக வீக்கமும் உண்டாகிறது. அதனால்தான் வலி உடனே தெரியாமல், ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்கு வருகிறது. "லக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, இன்னும் ஓடினால்தான் கரையும்" என்ற பேச்சு மைதானங்களில் இன்னும் ஓயவில்லை. ஓட்டத்தின்போது இரத்தத்தில் கூடும் லக்டேற்று, அதாவது அந்த அமிலம் உடலில் இருக்கும் வடிவம், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். மூன்றாம் நாள் வலிக்கு அதன்மேல் பழி போடுவது அநியாயம்.

சீர்செய்யப்பட்ட தசை முன்பைவிடக் கொஞ்சம் உறுதியாகிறது. ஒருமுறை இறக்கத்தில் ஓடிப் பழகிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு சேதம் செய்யாது. கலங்களுக்குள் சக்தியை உண்டாக்கும் இழைமணிகள் பெருகுவதும், தசைக்குள் மயிர்க்குழாய்கள் என்னும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் புதிதாகக் கிளைப்பதும் பெரும்பாலும் ஓடி முடித்த பிறகு நடக்கும் வேலைகளே. தேயிலை மலையில் ஒருமுறை கொழுந்தெடுத்தால் அடுத்த சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு கிழமை விடுகிறோம். பிள்ளைகளின் தொடையிடம் மட்டும் மறுநாளே அறுவடை கேட்கிறோம்.

அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் 1948 முதல் 1972 வரை தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்த பில் பவர்மன், கடும் பயிற்சி நாளுக்குப் பின் இலேசான பயிற்சி நாள் என்ற முறையைப் பரப்பியவர். இடையில் எத்தனை இலேசான நாட்கள் என்பதை ஓடுபவரைப் பார்த்தே அவர் முடிவுசெய்தார். பதின்ம வயதினருக்குக் கிழமைக்கு இரண்டு கடும் நாட்கள் தாராளம் என்பது என் கருத்து. போட்டி இருந்தால் அதுவே ஒன்று.

மலையகத்தில் சிக்கல் அந்த இலேசான நாளில்தான். சமதரைக்கு எங்கே போவது? லயத்திலிருந்து பிரதான வீதிக்கு வருவதே ஓர் இறக்கம். "சும்மா மூன்று கிலோமீற்றர்" என்று அனுப்பினால் அதில் பாதி மேட்டில் போகும். இங்கே தூரமும் கடிகாரமும் ஏமாற்றும். முழு வசனங்களாகப் பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அது இலேசான ஓட்டம். பேச்சு துண்டுபட்டால் ஏற்றத்தை நடந்து கடக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இறக்கத்தில் அடிகளைக் குறுக்கி மெதுவாக வர வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசன், கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பு மாணவர்களின் நேரத்தை வைத்து மலையக மாணவியை அளக்கும் பயிற்றுவிப்பாளர், அவளுடைய இலேசான நாளையும் கடும் நாளாக்கிவிடுகிறார். தோட்டத்திலிருந்து பாடசாலைக்கு நடந்து வந்து போவதும் கால்களுக்கு வேலைதான். அதைப் பயிற்சிக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு.

உறக்கத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். வளர்ச்சி ஓமோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தில். சாதாரண தரப் பரீட்சை நெருங்கி உறக்கம் குறையும் கிழமைகளில் பயிற்சியையும் குறைத்துவிட வேண்டும்.

சாப்பாட்டில் சோறும் ரொட்டியும் தசை எரிபொருளாகச் சேமித்து வைக்கும் மாச்சத்தான கிளைக்கோசனின் இருப்பை மீட்கும். நன்றாகச் சாப்பிட்டால் அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் போதும். இறக்கத்தில் அடிபட்ட தசை இன்னும் கொஞ்சம் தாமதிக்கும். பருப்பும் முட்டையும் தசையைச் சீரமைக்கும் புரதத்தைத் தரும். ஆனால் நம் வீடுகளில் கவனிக்கப்படாத ஒன்று, ரொட்டியோடு கூடவே இறங்கும் பிளேன்டீ. ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினுக்கு இரும்புச்சத்து வேண்டும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைத் தேநீரில் உள்ள பொலிபீனோல்கள் என்னும் துவர்ப்புப் பொருட்கள் பற்றிக்கொள்வதால் குடலால் அதைச் சரியாக உறிஞ்ச முடிவதில்லை. மாதவிடாயில் இரும்பை இழக்கும் மாணவிகளுக்கு இது கூடுதல் பாதிப்பு. தேநீரை நிறுத்தச் சொல்லவில்லை, மலையகத்தில் யார் கேட்கப்போகிறார்கள்? சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும். சம்பலில் தேசிக்காய் பிழிந்தால் அதிலுள்ள விற்றமின் சி இரும்பு உறிஞ்சப்பட உதவும். இலேசான நாட்களும் நல்ல உறக்கமும் கிடைத்த பிறகும் சோர்வு நீங்காத மாணவிக்கு இரத்தப் பரிசோதனை செய்துபார்த்த பின்பே அடுத்த கடும் பயிற்சியைக் கொடுக்க வேண்டும்.