பாம்பு தெரிந்தால் எஃப்16 ஆகிவிடாது

இலங்கையின் வடக்கே உள்ள வன்னி வைத்தியசாலைகளின் பதிவேடுகளில் எஃப்16 என்ற குறியீடு எப்போதாவதுதான் வர வேண்டும். எல்எஸ்டி போன்ற மாயத்தோற்றப் போதைப்பொருள்களால் வரும் உள, நடத்தைக் கோளாறுகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10 ஒதுக்கிய இடம் அது. போதை என்று இங்கே கொண்டுவரப்படுகிறவர்களிடம் நாங்கள் பெரும்பாலும் காண்பது கசிப்பு என்ற கள்ளச் சாராயமும் கஞ்சாவும்தான். அண்மைக் காலமாக ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமினும் போதை மாத்திரைகளும். ஆனாலும் எஃப்16 வருகிறது. பதிவேட்டுப் பிரிவில் இருந்துகொண்டு பின்னோக்கிப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். இல்லாத ஒன்றை நோயாளி கண்டதாக எழுதியிருக்கும். குறியீடு போடுபவர் அதைப் போதைப்பொருளின் பெயராகவே எடுத்துக்கொள்வார்.

மாயத்தோற்றம் ஒரு அறிகுறி. காரணம் தெரியாத நிலையில் அதற்கென்று ஆர்44 என்ற தனி வகை இருக்கிறது. குரல் கேட்டால் ஆர்44.0, உருவம் தெரிந்தால் ஆர்44.1. எஃப்16 போடுவதற்கோ இன்ன பொருளை எடுத்தார் என்பதும், அதனாலேயே இந்த நிலை என்பதும் வைத்தியரின் எழுத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி தடுமாறும் இடம் மது. வெட்டுக்காலத்தில் உழவு இயந்திரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த ஒருவர் சத்திரசிகிச்சை விடுதியில் படுத்திருக்கிறார். நாள்தோறும் கசிப்பு குடிப்பவர். வந்த நாளிலிருந்து ஒரு சொட்டும் இல்லை. மூன்றாம் நாள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, கட்டிலின் கீழே பாம்பு என்கிறார். விடுதிக்குள் யாரோ எதையோ கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள் என்ற சந்தேகம்தான் முதலில் எழுகிறது. உண்மையில் இது மது நின்றதால் வந்த டெலிரியம் என்ற பிதற்றல் நிலை, எஃப்10.4. உயிரைப் பறிக்கக்கூடியது, ஆனால் சிகிச்சைக்கு அடங்குவது. நோயாளியை விடுதியில் அனுமதிக்கும்போதே குடிப்பழக்கத்தைக் கேட்டு எழுதியிருந்தால், அந்த இரவில் கடமையில் இருக்கும் வைத்தியருக்கு அரை வேலை முடிந்திருக்கும். மனைவியிடம் கேட்டால் “கொஞ்சம் குடிப்பார், ஐயா” என்பார். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, கடைசியாக எப்போது என்று இன்னும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்கு நேரம் இல்லை என்று சொல்லும் விடுதிகளையும் அறிவேன்.

அடுத்தது அத்ரோபின். கிருமிநாசினி நஞ்சேறி வரும் விவசாயிகளுக்கு, அது ஒர்கனோபொஸ்பேட் வகையாக இருந்தால், நாங்கள் கொடுக்கும் மருந்து. அளவு மீறினால் நோயாளி பிதற்றுவார், போர்வையைப் பிய்ப்பார், வெறுங்காற்றில் எதையோ பிடிப்பார். இங்கே முதன்மை நிலை டி60.0 (ஆங்கில T எழுத்து), நஞ்சேற்றம். பிதற்றல் சிகிச்சையின் பக்கவிளைவு. அதை அப்படியே தனியாக எழுத வேண்டும். வேலியோரங்களில் தானாக முளைத்து நிற்கும் ஊமத்தையிலும் அதே அத்ரோபின் இருக்கிறது, அதன் உறவான ஸ்கோபொலமினும் இருக்கிறது. விதையைத் தின்ற பிள்ளை சிவந்த முகம், காய்ந்த வாய், விரிந்த கண்மணி, சூடேறிய உலர்ந்த தோல் என்று வரும். சிறுநீரும் அடைத்துக்கொள்ளலாம். எல்எஸ்டியிலும் கண்மணி விரியும். ஆனால் அதை எடுத்தவர்களில் பலருக்குத் தாம் எங்கே இருக்கிறோம், பேசுபவர் யார் என்பது தெரிந்திருக்கும். ஊமத்தை அந்த நினைவையே குலைத்துவிடும். தாவரத்தை உண்டு நஞ்சேறினால் ஐசிடி-10இல் இடம் டி62.2. அதற்கு எல்எஸ்டிக்குரிய டி40.8ஐப் போட்டால், வன்னியில் எல்எஸ்டி பரவுகிறது என்று கொழும்பில் ஒரு அட்டவணை சொல்லும். ஊமத்தை தின்ற பிள்ளைகளோ அந்தக் கணக்கிலேயே இருக்க மாட்டார்கள்.

கேள்விக்குறியையும் சொல்லியாக வேண்டும். பிரதேச வைத்தியசாலையில் எழுதும் இடமாற்றக் கடிதத்தில் “போதைப்பொருள்?” என்று இருக்கும். மாவட்டப் பொது வைத்தியசாலையின் அனுமதிக் குறிப்பில் அது “போதைப்பொருள் சந்தேகம்”. நோயாளி வீடு போகும்போது நோய் நிர்ணய அட்டையில் “போதைப்பொருள் பாவனையாளர்”. இடையில் புதிதாக ஒரு பரிசோதனையும் நடந்திருக்காது. பிரதி எடுத்த ஒவ்வொரு கையிலும் சந்தேகம் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 வழிகாட்டல் இதில் தெளிவானது: சிகிச்சை முடியும்போதும் நோய் உறுதியாகவில்லை என்றால், சந்தேகத்தை எழுதாமல் உறுதியாகத் தெரிந்த அறிகுறியை எழுதுங்கள்.

சிறுநீர்ப் பட்டிப் பரிசோதனை இதைத் தீர்த்துவைக்கும் என்று நம்புகிறார்கள். சாதாரணப் பட்டிகளில் எல்எஸ்டியும் தெரியாது, ஊமத்தையும் தெரியாது. கஞ்சாவோ விட்டு நாட்கள் சென்ற பின்னும் காட்டும், தொடர்ந்து புகைத்தவருக்கு வாரங்கள் கழித்தும். ஆகவே கஞ்சா தெரிந்தது என்பதால் இன்றைய பிதற்றலுக்கும் அதுவே காரணம் என்று எழுதிவிட முடியாது.

உண்மையிலேயே மாயத்தோற்றப் போதைப்பொருள் எடுத்தவர் வந்தாலும் எஃப்16 என்று மட்டும் எழுதினால் போதாது. புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம்தான் அவருடைய நிலையைச் சொல்கிறது. 0 என்றால் அந்நேரப் போதை. 1 என்றால் தீங்கான பாவனை. உடலுக்கோ மனதுக்கோ உண்மையில் கேடு நேர்ந்திருக்க வேண்டும். 2 என்றால் சார்ந்திருத்தல். ஆறு அம்சங்களில் குறைந்தது மூன்று கடந்த ஓராண்டில் சேர்ந்து தெரிந்தால்தான் அதைப் போடலாம். தோழர்களோடு ஒருமுறை முயன்று பார்த்த இளைஞனின் பெயருக்கு நேரே 2 எழுதப்படுவது எனக்குக் கோபம் வரவழைக்கும் விடயம். எல்எஸ்டியை நிறுத்தினால் உடல் சார்ந்த விலகல் அறிகுறிகள் பெரிதாக இல்லை, சார்ந்திருத்தலும் அரிது. நஞ்சேற்றமாகவே கருதினால் எஃப்16.0 பொருந்தாது, டி40 வரிசைக்குப் போக வேண்டும். தவறுதலாகவா, வேண்டுமென்றா, தெரியாதா என்பதும் உடன் பதிவாக வேண்டும்.

வீட்டாருக்கு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து வரும் அம்புலன்ஸில் ஏற்றும்போது காய், இலை, மாத்திரை அட்டை, போத்தல், எது அருகில் கிடந்ததோ அதையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மரியாதை போய்விடும் என்று மறைக்காதீர்கள். வைத்தியர் கேட்பது சிகிச்சைக்காக. பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், ஊகித்துச் சொல்வதும் பதிவாகிவிடும்.

வீட்டுக்கு விடும்போது நோய் நிர்ணய அட்டையை வாசித்துப் பாருங்கள், அல்லது வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையிலும் அடுத்த கிளினிக்கிலும் நீட்டப்போவது அந்த அட்டைதான். அதில் தவறு இருந்தால், வீடு செல்லுமுன் விடுதி வைத்தியரிடமே சொல்லுங்கள். அவர் திருத்திக் கையொப்பமிட்டால்தான் எங்கள் பிரிவு குறியீட்டை மாற்ற முடியும். நாங்களாக ஒரு எழுத்தையும் தொட மாட்டோம்.