சாக்கில் சிப்பி கொண்டுவர வேண்டாம்

“கொக்கிளாய்ப் பக்கம் நல்லாய் விளைஞ்ச சிப்பி கிடக்கு, சேர். ரெண்டு சாக்கு கொண்டுவந்து எங்கட கடல்ல போட்டால் பழைய சிப்பிப் பார் (சிப்பி கூட்டமாய் ஒட்டி வளரும் இடம்) திரும்ப வராதோ?” முல்லைத்தீவில் கடற்றொழிலாளர் கூட்டங்களுக்குப் போனால் யாராவது இப்படிக் கேட்பார்கள். அக்கறையில் கேட்பதுதான். ஆனாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். சிப்பியோடு சேர்ந்து அதன் நோயும் வந்துவிடலாம்.

சிப்பிக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி உண்டு. நிறமில்லாத அதன் இரத்தத்தில் திரியும் ஹீமோசைட் என்ற அணுக்கள் கிருமியை விழுங்கிச் செரித்துவிடும். ஆனால் நம் உடலைப்போல ஆன்டிபாடி செய்ய அதற்கு முடியாது. நாம் போட்டுக்கொள்வது போன்ற தடுப்பூசிக்கு அங்கே வேலை இல்லை. பேர்கின்சஸ் என்ற ஒட்டுண்ணி பொல்லாத ஆள்; விழுங்கிய அணுவுக்குள்ளேயே பெருகி, அதிலேயே ஏறி உடல் முழுக்கப் பரவும். அந்த இனத்தில் ஒன்று தூத்துக்குடிக் கரை முத்துச்சிப்பியில் பதிவாகியிருக்கிறது. நம் அரிப்பு, சிலாவத்துறை ஊர்களின் முத்துப்பார்களும் அதே மன்னார் வளைகுடாவில்தான்.

வெளியே பார்த்து இந்த நோயைச் சொல்ல முடியாது. ஆய்வுகூடத்தில் சிப்பியின் சதைத்துண்டை ஊட்டத் திரவத்தில் போட்டு ஒரு கிழமையளவு இருட்டில் வைப்போம். அப்புறம் அயடீன் ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஒட்டுண்ணி கருநீல உருண்டைகளாகத் தெரியும். (இது மனிதருக்குத் தொற்றாது. அதற்காகச் சிப்பியைப் பச்சையாய்ச் சாப்பிடவும் வேண்டாம். அது வடிகட்டிய தண்ணீரில் வேறு கிருமிகள் இருக்கும்.)

1957இல் அமெரிக்காவின் டெலவெயர் குடாவில் வேறோர் ஒட்டுண்ணி சிப்பிகளைக் கூட்டங்கூட்டமாய்க் கொன்றது. 1959இல் செசபீக் குடாவிலும் அதே கதை. ஆசியச் சிப்பியில் இருப்பதும் அதே ஒட்டுண்ணிதான் என்று பின்னாளில் மரபணு காட்டிக்கொடுத்தது. ஆசியச் சிப்பி அதைத் தாங்கும், அங்குள்ளது தாங்கவில்லை.

நம் களப்புகளில் கோடையில் உப்பு ஏறும், மாரியில் வெள்ளம் வந்து இறங்கும். இரண்டிலும் சிப்பி களைத்துப்போகும். அந்த நேரம் புது நோயும் வந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, என்னதான் செய்வது? சிப்பிக் குஞ்சு இரண்டு மூன்று கிழமை மிதந்து திரிந்துவிட்டு ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் தேடும். பழைய சிப்பி ஓடென்றால் அதற்கு மெத்தப் பிடிக்கும். அதைத்தான் நாம் சுண்ணாம்புக்கு அள்ளிக் கொடுத்துவிடுகிறோம். ஓடுகளைச் சதையில்லாமல் சில மாதம் வெயிலில் காயவிட்டுத் திரும்பப் போடலாம். சேற்றில் கொட்டினால் புதைந்துபோகும். கொட்டுமுன் கொஞ்ச ஓடுகளைக் கயிற்றில் கோத்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு பருவம் முழுக்கக் குஞ்சு ஒட்டவில்லையென்றால் அங்கே லொறிக்கணக்கில் ஓடு போட்டும் பயனில்லை.