மசகு: கம்பிரசருக்கு ஊற்றுகிற 'ஒயில்' எது?

கொழும்பில் பிரிட்ஜ் திருத்துகிறவர், ஏசி பாஸ், கராஜ்காரர் யாரிடம் போனாலும் 'ஒயில்' என்ற ஒரே சொல்தான். லொறி எஞ்சினுக்கும் ஒயில், தையல் மெஷினுக்கும் ஒயில், பிரிட்ஜ் கம்பிரசருக்கும் ஒயில். இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் பத்திரிகை வாசிக்கிறவர் 'மசகு எண்ணெய்' என்று பட்டென்று சொல்வார். அங்கேதான் சிக்கல். நம் நாட்டுச் செய்திகளில் 'மசகு எண்ணெய்க் கப்பல் வந்தது' என்றால் அது சப்புகஸ்கந்தவில் சுத்திகரிக்கப் போகிற, நிலத்திலிருந்து எடுத்தபடியே இருக்கிற எண்ணெய். தமிழ்நாட்டுக்காரர் அதைக் கச்சா எண்ணெய் என்பார், மசகு எண்ணெய் என்று அவர் சொல்வது இயந்திரத்தில் தேய்மானம் வராமல் இடுகிற எண்ணெயை. ஒரே சொல், பாக்கு நீரிணையைத் தாண்டினால் வேறு திரவம்.

எனக்கென்னவோ இதில் தமிழ்நாட்டார் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் படுகிறது. மசகு என்பது மாட்டுவண்டிக் காலத்துச் சொல். வைக்கோலை எரித்து, அந்தக் கரியை எண்ணெயில் குழைத்து அச்சில் அப்புவார்கள், அந்தக் கரிய பசைதான் மசகு. சுற்றுகிற இடம் தேயாமல், கிரீச்சிடாமல் இருக்க இடுவது. ஆங்கிலச் சொல்லான லூப்ரிகன்ட் லத்தீனில் 'வழுக்குகிற' என்று பொருள்படும் லூப்ரிகுஸ் என்பதிலிருந்து வந்தது. சிங்களத்தில் கடைப் பலகைகளில் பார்க்கிற 'லிஹிசி தெல்' என்பதிலும் லிஹிசி என்றால் இறுக்கம் விட்ட, இலகுவான என்ற கருத்து. கச்சா எண்ணெயை அவர்கள் 'பொர தெல்', அதாவது கலங்கல் எண்ணெய் என்று தனியாகப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். நாம்தான் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டோம்.

வேறு சொற்களும் உண்டு. 'உராய்வு நீக்கி' என்பது இங்கே நன்றாகப் புழங்குகிறது, ஆனால் எந்த எண்ணெயும் உராய்வை நீக்குவதில்லை, குறைக்கத்தான் செய்கிறது, அதோடு கம்பிரசருக்குள் அதற்கு இன்னும் இரண்டு வேலை இருக்கிறது: சூட்டை வாங்கிக்கொண்டு போவது, அசையும் பாகங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய இடைவெளியை அடைத்துக் காஸ் பின்னால் கசியாமல் பார்ப்பது. 'உயவு எண்ணெய்' என்று தமிழ்நாட்டுத் தொழில்நுட்பப் புத்தகங்களில் வரும். நல்ல சொல்தான், ஆனால் பழைய இலக்கியத்தில் உயவு என்றால் வருத்தம், துன்பம். கம்பிரசர் எரிந்த வீட்டுக்காரருக்கு அது பொருத்தமாக இருக்கலாம். நான் 'கம்பிரசர் மசகு' என்றே எழுதுகிறேன். அமுக்கி என்ற தமிழ்ச் சொல் இருந்தாலும் கடையில் 'அமுக்கி மசகு' கேட்டால் ஆள் முழிப்பார்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒயில் என்ற ஒற்றைச் சொல் மறைக்கிற வேறுபாடு எங்கே கடிக்கிறது என்றால், பிரிட்ஜ், ஏசி கம்பிரசரில் மசகு தனியாக இருப்பதில்லை. அது குளிரூட்டுகிற காஸோடு சேர்ந்து குழாய் முழுக்கச் சுற்றப் போய்விடும், போனது திரும்பி வர வேண்டும். திரும்பி வர வேண்டுமென்றால் காஸும் மசகும் ஒன்றில் ஒன்று கரைய வேண்டும். ஆர் 12 என்ற பழைய காஸின் காலத்தில் இதில் தலையிடி இருக்கவில்லை, சாதாரண கனிய எண்ணெய், அதாவது மினரல் ஒயில், அதில் நன்றாகக் கரைந்தது. ஓசோன் படலத்தைக் காக்கும் 1987 மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகு ஆர் 12 போய் ஆர் 134ஏ வந்தது. இதில் கனிய எண்ணெய் கரையாது. பழைய பழக்கத்தில் அதையே ஊற்றினால் மசகு குளிர்ப் பக்கக் குழாய்களில் போய்த் தேங்கிக்கொள்ளும், அங்கே குளிரும் குறையும், இங்கே கம்பிரசர் வறண்டு தேயும். அதற்காகத்தான் பொலியோல் எசுத்தர் என்ற செயற்கை மசகு வந்தது, கடைக்காரர் பாஷையில் பிஓஇ.

உயர்தரத்தில் இரசாயனம் படித்தவருக்கு எசுத்தர் என்றதும் நீர்ப்பகுப்பு ஞாபகம் வரும். எசுத்தர் தண்ணீரோடு சேர்ந்தால் அமிலமும் அற்ககோலுமாகப் பிரியும். பிஓஇ காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கொழும்புக் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம். மூடிய கம்பிரசருக்குள் மோட்டார்ச் சுருளும் அதே மசகில்தான் நனைந்துகொண்டிருக்கிறது, அமிலம் அந்தக் கம்பியின் மேற்பூச்சை அரித்தால் கதை முடிந்தது. ஆகவே பெரிய தகரத்திலிருந்து பழைய தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் கொடுக்கிற மசகை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், பிஓஇ என்றால் வாங்கவே கூடாது. முத்திரை உடையாத சிறிய உலோகத் தகரமாக வாங்கி, திறந்த அன்றே ஊற்றி, மீதியை அடுத்த வேலைக்கு வைக்காமல் ஒதுக்கிவிடுவதுதான் சரி.

மற்றக் காஸ்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர் 22 போட்ட பழைய ஏசிக்குக் கனிய எண்ணெயோ அல்கைல் பென்சீன் என்ற செயற்கை மசகோ. இப்போது வருகிற ஆர் 410ஏ, ஆர் 32 ஏசிகளுக்கு பிஓஇ அல்லது பிவிஇ என்ற ஈதர் வகை, எது என்பதைத் தயாரித்தவர் சொன்னபடி. புது வீட்டு பிரிட்ஜ்களில் இருக்கிற ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், கனிய எண்ணெயில் நன்றாகவே கரையும், அதனால் காஸ் புதிது என்பதால் மசகும் செயற்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்க வேண்டாம். அமோனியாவில் ஓடுகிற ஐஸ் தொழிற்சாலைகளில் கனிய எண்ணெய்தான் வழக்கம், அங்கே பிஓஇயைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது, அமோனியா அதைச் சிதைத்துவிடும்.

அப்புறம் தடிப்பு. தகரத்தில் ஐஎஸ்ஓ விஜி 32, 68 என்று இருப்பது 40 பாகை செல்சியஸில் அந்த மசகின் பிசுக்குமை. எண் கூடினால் தடிப்புக் கூடும். பழைய ஆட்கள் கேட்டு வாங்குகிற சுனிசோ 3ஜிஎஸ் 32 வகைக்குக் கிட்ட, 4ஜிஎஸ் அதைவிடத் தடிப்பு, இரண்டும் கனிய எண்ணெய். தடிப்பானது நல்லது என்று ஒரு நம்பிக்கை இங்கே உண்டு, எஞ்சின் ஒயிலிலிருந்து வந்த பழக்கம். சிறிய பிரிட்ஜ் கம்பிரசரில் தடிப்பானதை ஊற்றினால் மோட்டாருக்குச் சுமை, மின்சாரமும் கூடுதலாக இழுக்கும், குளிர்ப் பக்கத்திலிருந்து அது சோம்பலாகத்தான் திரும்பும். எஞ்சின் ஒயிலையே ஊற்றுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல, அதில் இருக்கிற சேர்மானங்கள் இங்கே வேண்டாதவை, சில வகைகள் குளிரில் மெழுகாக உறைந்து மெல்லிய குழாயை அடைத்தும் விடும்.

கார் ஏசி தனிக் கதை. ஆர் 134ஏ போட்ட சாதாரண காருக்குப் பெரும்பாலும் பிஏஜி என்ற இன்னொரு செயற்கை மசகு. ஆனால் பிரியஸ், அக்வா மாதிரி ஹைபிரிட் கார்களில் கம்பிரசரை ஓட்டுவது பெல்ட் இல்லை, உயர் மின்னழுத்த மோட்டார், அதுவும் மசகுக்குள்ளேயே இருக்கிறது. பிஏஜி மின்சாரத்தைக் கசிய விடும், ஆகவே அங்கே மின்காப்புள்ள எசுத்தர் மசகுதான் வேண்டும். டென்சோ கம்பிரசர் என்றால் சாதாரண காருக்கு என்டி ஒயில் 8, ஹைபிரிடுக்கு என்டி ஒயில் 11. கொஞ்சம் பிஏஜி கலந்தாலே காப்பு குறைந்து காரின் கணினி பிழை காட்டக்கூடும். ஏசி பாஸ் இரண்டு வகைக் காருக்கும் ஒரே குழாயையும் ஒரே மெஷினையும் மாட்டுகிறாரென்றால், முந்திய காரின் மசகு அந்தக் குழாயில் ஒட்டிக்கொண்டு உங்கள் காருக்குள் வரும். காஸ் ஏற்றத் தொடங்குவதற்கு முன்பே ஹைபிரிடுக்குத் தனிக் குழாய் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் வேறு கராஜ் பாருங்கள்.