எல்லா ரிக்வெஸ்ட்டும் கடக்கும் இடம்: சொந்த மிடில்வேர் எழுதுபவர்களுக்கு

வெப் ஆப்புக்கு வரும் ரிக்வெஸ்ட்டும், அதற்குத் திரும்பும் ரெஸ்பான்ஸும் வழியில் கடந்துபோகும் கோட்தான் மிடில்வேர். சொந்தமாக ஒன்று எழுத இருபது வரிகூடத் தேவைப்படாது. சிக்கலே அதுதான். ஒரு வியூவில், அதாவது ஒரு பக்கத்துக்கான பதிலைத் தயாரிக்கும் கோடில், பிழை இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் கெடும். மிடில்வேரில் இருந்தால் லாகின் பக்கத்திலிருந்து பேமென்ட் பக்கம்வரை எல்லாவற்றையும் தொடும். இருந்தும், வியூவைத் துருவித் துருவி ரிவ்யூ செய்பவர்கள்கூட மிடில்வேர் வந்தால் "லாக் எழுதத்தானே" என்று ஓகே போட்டுவிடுகிறார்கள்.

ரிவ்யூவில் நான் அதிகம் பார்ப்பது, செல்ஃபில் (self, அதாவது மிடில்வேர் ஆப்ஜெக்ட்டிலேயே) எதையாவது போட்டு வைக்கும் பழக்கம். பைதானின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவை எடுத்துக்கொள்வோம். 2016-இல் வந்த 1.10 பதிப்பிலிருந்து மிடில்வேர் கிளாஸின் இனிட் (__init__) பகுதி சர்வர் கிளம்பும்போது ஒரே ஒரு முறைதான் ஓடும். கால் (__call__) மெத்தட் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ஓடும். அதாவது ஒரு ப்ராசஸுக்குள் எத்தனை பேர் வந்தாலும் ஆப்ஜெக்ட் ஒன்றுதான். இதைக் கவனிக்காமல், வந்தவர் லாகின் செய்திருந்தால் அவர் பெயரை செல்ஃபில் போட்டுவிட்டு, வியூ வேலையை முடித்துத் திரும்பியதும் அதே பெயரை எடுத்து லாகில் எழுதுகிறார்கள்.

இப்போது ஒருவர் பெரிய ரிப்போர்ட் ஒன்றைக் கேட்கிறார் என்று வையுங்கள். டேட்டாபேஸ் பதில் தர நேரமாகிறது. அந்த இடைவெளியில் இன்னொருவர் வேறு த்ரெட்டில் (அதே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் இன்னொரு வேலையில்) உள்ளே வர, செல்ஃபில் இருந்த பெயர் அவருடையதாக மாறிவிடுகிறது. ரிப்போர்ட் முடிந்ததும் லாகில் விழுவது இரண்டாமவர் பெயர். அந்த ரிப்போர்ட்டை எடுத்தது யார் என்று பிற்பாடு யாராவது தேடினால், சம்பந்தமே இல்லாத ஆள் மாட்டுவார். ஜாங்கோவை ஓட்டும் சர்வரான கூனிகார்னை சிங்க் (sync) வொர்க்கரோடு ஓட்டும்வரை இது வெளியே தெரியாது. ஒரு வொர்க்கர் ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்டைத்தான் பார்க்கும். வேகம் போதவில்லை என்று த்ரெட்டைக் கூட்டும் நாளில்தான் தலைகாட்டும். அதைவிட மோசம், அந்த "லாகின் செய்திருந்தால்" என்ற நிபந்தனை. அடுத்து வருபவர் லாகின் செய்யாதவர் என்றால் பழைய பெயர் அழியாமல் அப்படியே நிற்கும். இதற்கு த்ரெட்டே வேண்டாம்.

தீர்வு ரொம்பச் சாதாரணம். அந்த ரிக்வெஸ்ட்டுக்கு மட்டும் உரியதை ரிக்வெஸ்ட் ஆப்ஜெக்ட்டிலோ லோக்கல் வேரியபிளிலோ வையுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி.நெட் கோரிலும் இதே கதைதான்: வழக்கமான முறையில் எழுதும் மிடில்வேரில் டேட்டாபேஸோடு பேசும் டிபிகான்டெக்ஸ்ட்டை, ஒரே முறை ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கக் கூடாது, இன்வோக் மெத்தடின் பாராமீட்டராக வாங்க வேண்டும்.

அப்புறம் வரிசை. ரிக்வெஸ்ட் மேலிருந்து கீழே இறங்கும், ரெஸ்பான்ஸ் கீழிருந்து மேலே ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். நடுவில் ஒரு மிடில்வேர் தானே பதில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால், அதற்குக் கீழே இருப்பவை அந்த ரிக்வெஸ்ட்டையும் பார்க்காது, ரெஸ்பான்ஸையும் பார்க்காது என்பதுதான் மறந்துபோகிறது. டோக்கன் (லாகின் செய்தவர் என்பதற்கான அடையாளம்) சரிபார்க்கும் மிடில்வேரை கோர்ஸ் (CORS, வேறு தளத்தின் பக்கம் நம் பதிலைப் படிக்கலாமா என்று பிரவுசருக்கு ஹெடரில் சொல்வது) மிடில்வேருக்கு மேலே வைத்துப் பாருங்கள். டோக்கன் காலாவதியானவருக்கு 401 (அடையாளம் செல்லவில்லை என்ற பதில்) போகும். ஆனால் அதில் கோர்ஸ் ஹெடர் இருக்காது. பிரவுசர் கன்சோலில் தெரிவது கோர்ஸ் பிழை. ஃபிரண்ட்எண்ட் குழு நாள் முழுக்க கோர்ஸ் அமைப்பையே நோண்டிக்கொண்டிருக்கும். பிரவுசர் முன்கூட்டியே அனுப்பும் ஆப்ஷன்ஸ் ரிக்வெஸ்ட்டில் டோக்கனே இருக்காது என்பதால், அதுவும் அங்கேயே அடிபடும்.

ஜாங்கோவில் ஆத்தென்டிகேஷன் மிடில்வேருக்கு மேலே உங்களுடையதை வைத்தால், ரிக்வெஸ்ட்டில் யூசரே இன்னும் வந்திருக்காது, எரர் வரும். எரர் வருவது நல்லது. அதைப் பார்த்துப் பயந்து "யூசர் இருந்தால் மட்டும் அனுமதியைச் சோதி" என்று ஒட்டுப்போடுவதுதான் ஆபத்து. அதன்பின் சோதனை நடக்கவே நடக்காது, எரரும் வராது.

ஹெடர்களை நம்புவதிலும் நிதானம் வேண்டும். ரிக்வெஸ்ட் எந்த ஐபி முகவரிகள் வழியாக வந்தது என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரில் இடது ஓரத்தில் இருக்கும் முகவரியை எடுத்து, அதை வைத்து ஆட்களைத் தடுப்பதோ அனுமதிப்பதோ பரவலாக நடக்கிறது. அனுப்புபவரே அங்கே எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். வழக்கமாக ப்ராக்ஸிகள் (நடுவில் நின்று ரிக்வெஸ்ட்டைக் கடத்திவிடும் சர்வர்கள்) தாங்கள் பார்த்த முகவரியை வலப்பக்கம்தான் சேர்க்கும். ஆகவே உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் ப்ராக்ஸிகள் எத்தனை என்று தெரிந்துகொண்டு வலமிருந்து எண்ண வேண்டும். ஜாங்கோவே இதற்கென ஒரு மிடில்வேரைத் தந்துகொண்டிருந்தது. எல்லா இடத்துக்கும் பொருந்தும்படி நம்பகமாகச் செய்ய முடியாது என்று 1.1 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள்.

பெரிய ஃபிரேம்வொர்க்குகளும் இதில் தப்பவில்லை. 2025 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கான நெக்ஸ்ட்.ஜேஎஸ்-இல் பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிவந்தது. மிடில்வேர் தன்னைத்தானே திரும்பத் திரும்ப அழைக்காமலிருக்க உள்ளுக்குள் ஒரு ஹெடரைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதே ஹெடரை வெளியிலிருந்து யாராவது அனுப்பினால் மிடில்வேர் மொத்தமாகத் தாண்டப்பட்டது. 14.2.25, 15.2.3 பதிப்புகளில் சரிசெய்தார்கள். அனுமதியை மிடில்வேரில் மட்டும் சோதித்த தளங்கள்தான் இதில் திறந்து கிடந்தன. டேட்டாவைத் தொடும் இடத்திலும் ஒருமுறை கேட்பதை நான் இரட்டை வேலையாக நினைப்பதில்லை.

ரிக்வெஸ்ட் பாடியை முழுசாக லாக் செய்பவர்களிடம் ஒன்றே ஒன்று: லாகின் ஃபார்மும் அதே வழியாகத்தான் வருகிறது, பாஸ்வேர்டோடு.

டெஸ்ட் எழுதும்போது ஒரே மிடில்வேர் ஆப்ஜெக்ட்டின் வழியாக முதலில் லாகின் செய்தவரையும், உடனே லாகின் செய்யாதவரையும் அனுப்பி, இரண்டாவது லாகில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்து, வியூ எரர் வீசினால் என்ன ஆகிறது, ரெஸ்பான்ஸ் ஸ்ட்ரீமிங்காக (துண்டு துண்டாக அனுப்பப்படுவதாக) இருந்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஜாங்கோவில் ஸ்ட்ரீமிங் ரெஸ்பான்ஸுக்கு கன்டென்ட் என்பதே கிடையாது. அதன் நீளத்தை அளக்கப்போன மிடில்வேர், யாரோ பெரிய ஃபைலை டவுன்லோடு செய்யும் அன்றைக்குத்தான் விழும்.