கூகுளிடம் இருப்பது தனியுரிமையா, ஏகபோகமா?

மோனோபொலி (monopoly) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கி, 'தேடலில் கூகுளின் தனியுரிமை சட்டவிரோதம்' என்கிற மாதிரி இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். படிக்கிறவர் என்ன நினைப்பார்? யாருடைய அந்தரங்கத்தையோ எட்டிப்பார்த்து கூகுள் மாட்டிக்கொண்டது என்றுதான். எந்தச் செயலியைத் திறந்தாலும் 'தனியுரிமைக் கொள்கை' என்று ஒன்று வருகிறதே, அந்தப் பொருளில் சொல் ஊன்றிவிட்டது. மோனோபொலிக்கும் அதையே போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

மோனோபொலி கிரேக்கத்திலிருந்து வந்தது. மோனோஸ் என்றால் ஒற்றை, போலெய்ன் என்றால் விற்பது. ஒருவரே விற்பது, அவ்வளவுதான்.

சரி, பாடநூல்களில் இருக்கும் 'முற்றுரிமை'? நல்ல சொல்தான், ஆனால் அந்த 'உரிமை' எனக்கு இடிக்கிறது. 1600-இல் கீழை நாடுகளோடு தான் மட்டுமே வணிகம் செய்யக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் ராணி பட்டயம் கொடுத்தாரே, அது உரிமை. கூகுளுக்கு யார் கொடுத்தார்கள்? கைபேசியிலும் உலாவியிலும் தன் தேடலே முதலில் நிற்க வேண்டும் என்று ஆப்பிள், சாம்சங் போன்றவர்களுக்கு 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் 5 அன்று வாஷிங்டனில் நீதிபதி அமித் மேத்தா தப்பு என்று சொன்னது இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைத்தான். பெரிதாக இருப்பது மட்டுமே, சந்தைப் போட்டியை நசுக்குவதைத் தடுக்கும் அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டப்படி குற்றம் ஆகாது. அந்தத் தீர்ப்பைப் போய் 'கூகுள் ஒரு முற்றுரிமையாளர்' என்று எழுதினால் பட்டா வைத்திருக்கும் நில உரிமையாளர் மாதிரி கௌரவமாக இருக்கிறது.

என் ஓட்டு ஏகபோகத்துக்கு. ஒருவரே அனுபவிப்பது. தேடலுக்கு நாம் காசு தருவதில்லை, கூகுள் விற்பது விளம்பரம், அதனால் 'விற்பது' என்ற கிரேக்கப் பொருளைவிட 'அனுபவிப்பது' இங்கே நன்றாகப் பொருந்துகிறது. வடசொல் என்று தனித்தமிழ் நண்பர்கள் முறைப்பார்கள். முப்போகம் விளையும் நிலம் என்னும்போது மட்டும் போகம் யாருக்கும் உறுத்துவதில்லை! தூய சொல் வேண்டுமென்றால் 'ஒற்றையாதிக்கம்' என்றாவது எழுதுங்கள், புரியும். ஏகாதிபத்தியம் மட்டும் வேண்டாம், அது நாடு பிடிப்பது.

அப்புறம், ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்குவதற்கு (acquisition) எழுதுகிற இந்தக் 'கையகப்படுத்தல்'. 2012-இல் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு ஃபேஸ்புக் கையகப்படுத்தியதாம், 2014-இல் வாட்ஸ்அப்பையும் கையகப்படுத்தியதாம். சாலை போட அரசு நிலம் எடுப்பதற்குச் சொல்கிற சொல் அது, கொடுக்க மனமில்லாதவரிடமிருந்தும் எடுப்பது. இங்கே விற்றவர்கள் சம்மதித்துத்தான் விற்றார்கள். 'வாங்கியது' என்று எழுத மொழிபெயர்ப்பாளர்களுக்கு என்னதான் கூச்சமோ?