அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரை யாரும் பிடித்து வைக்க முடியாது

திருச்சி நெடுஞ்சாலையில் ஒரு விடியற்காலையில், எங்களோடு பைக்கில் வந்துகொண்டிருந்த நண்பர் ஒருவர், மொபெட்டிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டுக் கிடந்த பெரியவரை வழியில் வந்த லோடு ஆட்டோவில் ஏற்றி, பக்கத்து ஊரில் இருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். பெரியவரை உள்ளே கொண்டுபோனதும் முன்பணம் கட்டச் சொன்னார்கள். தன்னிடம் பணம் இல்லை என்று அவர் சொன்னபோது, போலீஸ் வரும்வரை நகரக்கூடாது என்று அவருடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார்கள். வந்த காவலர் கேட்ட முதல் கேள்வி, "நீதானே இடிச்சது?" என்பது. சட்டையில் ரத்தம் காய்ந்துபோய் மொடமொடத்திருக்க, பிற்பகல் வரை அந்த மர பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர், இப்போதெல்லாம் சாலையோரத்தில் கூட்டம் தெரிந்தால் வண்டியின் வேகத்தைக் குறைப்பதில்லை. அன்று அவரிடம் நடந்துகொண்ட விதம் முழுவதும் சட்டத்துக்குப் புறம்பானது என்பது அங்கிருந்த யாருக்கும் தெரிந்திருக்கவில்லை; எங்களுக்கும்தான்.

சட்டத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விபத்தில் உதவுவோரை அலைக்கழிக்கக்கூடாது என்று மத்திய அரசு 2015 மே மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டுதல்களை, 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 2020 செப்டம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 168, 169 என்ற இரண்டு விதிகள் வந்தன. இவற்றில் உதவுபவருக்கு 'நல்ல சமாரியர்' என்று பெயர். அலுவலகத்தில் பேசும்போது '134ஏ' என்ற எண்ணைச் சொல்லுங்கள். எண்ணுக்குக் கிடைக்கும் மரியாதை நியாயத்துக்குக் கிடைப்பதில்லை.

எல்லோரும் தடுக்கி விழும் இடம், இந்தப் பாதுகாப்பு யாருக்கு என்பதுதான். எந்தப் பலனையும் எதிர்பார்க்காமல், நல்லெண்ணத்தோடு, தானாக முன்வந்து உதவியவருக்கே இது பொருந்தும். நீங்கள் தூக்கியபோதோ ஏற்றியபோதோ தவறிப்போய் அடிபட்டவரின் நிலை மோசமாகிவிட்டாலும், அவர் இறந்தேபோனாலும்கூட, அதற்காக உங்கள் மேல் சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது. ஆனால், அந்த விபத்தில் உங்கள் வண்டிக்கும் பங்கு இருந்தால் நீங்கள் நல்ல சமாரியர் ஆக மாட்டீர்கள். உங்களுக்கு அப்போது பிரிவு 134 பொருந்தும். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பதும் காவல் நிலையத்துக்குத் தகவல் தருவதும் உங்கள் கடமையாகிவிடும். பைக்கில் போகிறவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். விழுந்து கிடப்பவருக்குப் பக்கத்தில் உங்கள் வண்டி நிற்பதைப் பார்க்கும் கூட்டம், இடித்தது நீங்கள்தான் என்று அரை நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிடும். ஆகவே வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். 108-ஐ உங்கள் கைப்பேசியிலிருந்தே அழையுங்கள், ஏனென்றால் நீங்கள் எத்தனை மணிக்கு அங்கே இருந்தீர்கள் என்பதற்கு அந்த அழைப்பே பதிவாக நிற்கும். அடிபட்டவரைக் கவனித்த பிறகு, உங்கள் வண்டியின் முன்பக்கத்தையும் இரு பக்கங்களையும் கீறல் இல்லை என்பது தெரியும்படி நான்கு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உயிர் ஊசலாடும்போது படம் எடுப்பதா என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான்.

அடிபட்டவரை இருவருக்கு நடுவில் உட்காரவைத்து பைக்கில் கொண்டுபோக வேண்டாம். கழுத்திலோ முதுகெலும்பிலோ அடி இருந்தால், அந்தப் பயணம் அவரை ஆயுளுக்கும் படுக்கையில் தள்ளிவிடும். அதே காரணத்தால் தலைக்கவசத்தையும் இழுத்துக் கழற்றாதீர்கள். மூச்சுவிடக் கண்ணாடியைத் தூக்கிவிட்டால் போதும்.

இனி மருத்துவமனை. சேர்க்கைக்கோ பதிவுக்கோ உங்களிடம் பணம் கேட்கக்கூடாது. நீங்கள் அடிபட்டவரின் உறவினராக இருந்தால் மட்டும் கேட்கலாம். உங்களைப் பிடித்து வைக்கக்கூடாது. பெயர், முகவரி, கைப்பேசி எண் எதையும் கட்டாயப்படுத்தி வாங்கக்கூடாது. இந்த உரிமைகளை இந்தி, ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் எழுதி நுழைவாயிலில் மாட்ட வேண்டும் என்பது விதி. நான் பார்த்த மருத்துவமனைகளில் அந்தப் பலகை கண்ணில் பட்டதைவிட, 'காலணிகளை வெளியே விடவும்' என்ற பலகை கண்ணில் பட்டதுதான் அதிகம். பலகை இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினாலே வரவேற்பில் இருப்பவரின் குரல் கொஞ்சம் இறங்குவதைப் பார்க்கலாம்.

பணத்தைப் பற்றிய பேச்சு நீண்டால் கேட்க வேண்டிய கேள்வி, "இங்கே நம்மைக் காக்கும் 48 உண்டா?" என்பதுதான். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட அந்தத் தமிழ்நாடு அரசுத் திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கிறது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. மத்திய அரசும் 2025 மே முதல், விபத்து நாளிலிருந்து ஏழு நாளைக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான்: மருத்துவமனை பட்டியலில் இருக்க வேண்டும். பக்கத்தில் பளபளப்பாகத் தெரியும் மருத்துவமனை பட்டியலில் இல்லாமல் போகலாம். எங்கே கொண்டுபோவது என்று 108 ஊழியரைக் கேட்பதே மேல்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன், இன்னாரை இத்தனை மணிக்கு இன்ன இடத்திலிருந்து கொண்டுவந்தார் என்று ஓர் ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். கேட்டால் தர வேண்டும் என்பது 2015 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. "அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்பார்கள்; விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் ஏ.ஆர். என்று சொல்லும் அந்தப் பதிவில், அழைத்து வந்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரையாவது எழுதச் சொல்லுங்கள். பெயர் வெளியே வர வேண்டாம் என்று நினைப்பவர் இதைச் செய்யத் தேவையில்லை. ஆனால், உதவியவருக்கு அரசு தரும் பரிசுத்தொகையைப் பின்னால் கேட்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், அந்த ஒரு வரி இல்லாமல் எதுவும் நகராது.

காவல் துறையில், சாட்சி சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் உங்கள் விருப்பம். சொல்ல ஒப்புக்கொண்டால், உங்கள் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ, உங்களுக்கு வசதியான நேரத்தில், விசாரணை அதிகாரி சாதாரண உடையில் வந்து விசாரிக்க வேண்டும். நிலையத்துக்கு வரச் சொன்னால் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். விசாரணை ஒரே முறையில் முடிய வேண்டும். "ஒரு கையெழுத்துதான், நாளைக்கு வந்துட்டுப் போங்க" என்ற பேச்சைப் பல முறை கேட்டிருக்கிறேன். அந்த நாளை என்பது ஒரு நாளில் முடிந்து நான் பார்த்ததில்லை. சண்டை போட வேண்டாம், "விதி 169-படி என் வீட்டுக்கு வாருங்கள், முழு வாக்குமூலமும் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு, அதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள். 'சும்மா பார்த்துவிட்டுத் தருகிறோம்' என்று பைக் சாவியைக் கேட்டால், உங்கள் வண்டி விபத்தில் சம்பந்தப்பட்டதாகப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படிப் பதிவு இல்லாத வண்டியைப் பிடித்து வைக்க முகாந்திரம் இல்லை.

பரிசுத்தொகை தனிக் கதை. பலனை எதிர்பார்க்காதவருக்கே பாதுகாப்பு என்று சொல்லும் அரசுதான் பணமும் தருகிறது. கொடுப்பதைக் கேட்பதில் வெட்கமில்லை. 2021 அக்டோபரில் 5,000 ரூபாயாகத் தொடங்கிய தொகை, 2025-இல் 25,000 ஆனது. பெயரும் 'ராஹ்-வீர்' (பாதை வீரர்) என்று மாறியது. நம் வாயில் நுழையாவிட்டாலும் அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் கோப்பு கிடைக்கும்.

நிபந்தனைகளில்தான் பலர் கழித்துக்கட்டப்படுகிறார்கள். விபத்தில் மோட்டார் வாகனம் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்திருக்க வேண்டும். காயம் கடுமையானதாக இருக்க வேண்டும். பெரிய அறுவை சிகிச்சை, குறைந்தது மூன்று நாள் உள்நோயாளியாகச் சிகிச்சை, மூளையிலோ தண்டுவடத்திலோ காயம், இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று அதற்கு அளவு வைத்திருக்கிறார்கள். இவை எதுவும் இல்லாமல் இரண்டாம் நாளே வீட்டுக்குப் போய்விட்டவரை நீங்கள் எவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்திருந்தாலும் கணக்கில் வராது. முதல் தகவல் அறிக்கையில் விபத்து நேரத்தைக் குத்துமதிப்பாக முன்தள்ளி எழுதிவிட்டால், அந்த ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகிவிடும். உங்கள் 108 அழைப்பின் பதிவு அங்கேதான் கைகொடுக்கும். இன்னொரு பொறி, ஏ.ஆர். பதிவில் '108 மூலம்' என்று மட்டும் எழுதப்படுவது. நீங்களே அழைத்து, வண்டியில் கூடவே போயிருந்தாலும், தாளில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். பலர் சேர்ந்து ஒருவரைக் காப்பாற்றினால் தொகையைப் பங்கு போடுவார்கள். ஆகவே குழுவாகப் போகிறவர்கள் யார் யார் பெயர் என்பதை அன்றே பேசிவிடுங்கள்.

விலங்குகளுக்கு இதில் எதுவும் கிடையாது. அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்குப் பரிசும் இல்லை, 134ஏ-வும் அவரைப் பற்றிப் பேசவில்லை. ஆடு மாடு என்றால் 1962-ஐ அழையுங்கள். நாயாக இருந்தால் வாயைத் துண்டால் கட்டாமல் தூக்காதீர்கள், அன்பாகவே இருந்தாலும் வலியில் கடிக்கும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள், அதற்குக் கட்டணமில்லை. மாட்டுக்காரர் ஓடிவந்து உங்களிடமே இழப்பீடு கேட்பதும் நடக்கும். முன்பு சொன்ன நான்கு படங்கள் அங்கேயும் உதவும்.

பரிசுக்கான நடைமுறையில் முதல் படி காவல் நிலையம். மருத்துவரிடம் உறுதிசெய்த பிறகு, நிலையத்தின் தாளில் உங்கள் பெயர், முகவரி, நாள், நேரம், இடம், செய்த உதவி ஆகியவற்றை எழுதி ஒப்புகை தர வேண்டும்; அதன் நகல் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குப் போகும். குழுவில் காவல் கண்காணிப்பாளரும் மருத்துவத் துறை அதிகாரியும் வட்டாரப் போக்குவரத்து அலுவலரும் இருப்பார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் போக்குவரத்து ஆணையர் வழியாகப் பணம் நேரே வங்கிக் கணக்குக்கு வரும். நிலையத்தில் கேட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகம் என்பார்கள், அங்கே கேட்டால் கலெக்டர் அலுவலகம் என்பார்கள், கலெக்டர் அலுவலகத்தில் காவல் நிலையத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். உங்கள் வேலை முதல் படியில் அந்த ஒப்புகையை வாங்குவதோடு முடிகிறது, குழுவுக்கு அனுப்புவது அவர்கள் பொறுப்பு. 2021-இல் அறிவித்தபோதே திட்டத்தின் காலம் 2026 மார்ச் 31 வரை என்று இருந்ததால், அலையத் தொடங்கும் முன் நடப்பில் உள்ள உத்தரவின் நகலைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்புகை தர மறுத்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் அசைவில்லை என்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இந்தத் திட்டத்துக்கான மாவட்டக் குழு கடைசியாகக் கூடிய நாள் எது, என் மனு இன்று எந்த மேசையில் இருக்கிறது. முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத உட்காரும்போதுதான் பெரும்பாலும் கோப்பையே தேடி எடுக்கிறார்கள்.