பாட்டியைப் பேச விடுங்கள்

"வீட்டில் தமிழ் பேசுவதையே நிறுத்திவிட்டோம் மேடம், அப்படியும் பேச்சு வரவில்லை." ஸ்பீச் தெரபிக்குக் குழந்தையை அழைத்து வரும் பெற்றோர் பலர் இதை ஏதோ பெரிய தியாகம் செய்ததைப் போலச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அண்மையில் வந்த பையன் யூகேஜி படிக்கிறான். ஏ முதல் இசட் வரை ஒப்பிக்கிறான். நிறங்கள், வடிவங்கள், டைனோசர் வகைகள் எல்லாம் தெரியும். மரத்தில் ஏறிய சிறுவன் கீழே விழுந்து அழுகிற படத்தைக் காட்டி, என்ன நடக்கிறது என்று கேட்டேன். "பாய். ட்ரீ. டாக்." அவ்வளவுதான். ஏறினான், விழுந்தான், அழுகிறான் என்பதெல்லாம் தமிழிலும் வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை. எங்கள் தொழிலில் ஒரு குழந்தைக்கு எத்தனை பொருட்களின் பெயர் தெரியும் என்பதோடு நிறுத்த மாட்டோம். வினைச்சொற்களையும் தேடிப் பார்ப்போம். பெயர்களை அட்டையைக் காட்டியே கற்றுக்கொடுத்துவிடலாம். வினைச்சொல் வருவதற்கு யாராவது கூட இருந்து பேசியாக வேண்டும்.

இந்த வீட்டில் அப்படிப் பேசக்கூடியவர் பாட்டி. பள்ளியில் "வீட்டில் ஆங்கிலம் மட்டும்" என்று சொல்லிவிட்டதால் அவர் வாயை அடைத்துவிட்டார்கள். அம்மாவுக்கு வரும் ஆங்கிலம் கம், சிட், ஈட், டோன்ட் டச். நாளெல்லாம் அவன் காதில் விழுவது கட்டளைகள் மட்டுமே. பேரனோடு பேசுங்கள் என்று பாட்டியிடம் சொன்னேன். தயங்கித் தயங்கி, மாடியில் காயப்போட்ட வடகத்தைக் காக்கா வந்து கொத்திக் கிளறிவிட்டுப் போன கதையைச் சொன்னார். பையன் திரும்பி, "கொத்திச்சா?" என்றான். அன்று அவன் வாயிலிருந்து வந்த முதல் வினைச்சொல் அதுதான்.

குழந்தையின் மூளையை ஒரு சின்னச் சொம்பாக நினைத்துக்கொள்கிறார்கள். தமிழை ஊற்றிவிட்டால் ஆங்கிலத்துக்கு இடமிருக்காதாம். தயவுசெய்து இந்த எண்ணத்தை விடுங்கள். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று வளர்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இரண்டு மொழிகளோடு வாழ்கின்றன. அங்கெல்லாம் யாரும் குழம்பிப் போய்விடவில்லை. 'மழை பெய்ததால் விளையாடப் போகவில்லை' என்று காரணத்தையும் விளைவையும் கோத்துச் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு, ஆங்கிலத்தில் சொல் மட்டும்தான் புதிது. காரணம் சொல்வது என்றால் என்னவென்றே தெரியாத குழந்தை இரண்டையும் சேர்த்துக் கற்க வேண்டும். தாய்மொழியில் பெற்ற திறன் அடுத்த மொழிக்குக் கைகொடுக்கிறது என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979லேயே எழுதினார். தாய்மொழியில் கற்பிக்கும்படி 1953இல் யுனெஸ்கோ சொன்னது. டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் இரண்டாவது மொழியால் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அப்படியிருந்தும் "ஒரு மொழி போதும்" என்று இன்றும் சிலர் சீட்டில் எழுதித் தருகிறார்கள். எனக்குக் கோபமே வருகிறது.

வீட்டில் தமிழ்ப் பேச்சை நிறுத்துவதன் பாதிப்பு பள்ளியில் உடனே தெரியாது. இரண்டாம் வகுப்பில் பிள்ளை கடகடவென்று வாசிப்பான், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எழுத்தை ஒலியாக்குவது ஒன்று, கேட்டால் புரிந்துகொள்வது இன்னொன்று, இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு என்று வாசிப்பு ஆய்வாளர்கள் கஃபும் டன்மரும் 1986இல் சொன்னார்கள். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். நான்காம் வகுப்பில் அறிவியல் பாடமும் வாக்கியக் கணக்கும் வரும்போது அந்தப் பூஜ்யம் வெளியே தெரியும். அப்போது டியூஷன் தேடி ஓடுவார்கள்.

தமிழ் வாசிப்பில் இன்னொரு சங்கடம் உண்டு. நாம் பேசுவது 'வந்தாங்க', புத்தகத்தில் இருப்பது 'வந்தார்கள்'. 'பம்பரம்' என்ற சொல்லில் ஒரே 'ப' இரண்டு விதமாக ஒலிக்கிறது. அந்தச் சொல்லைக் காதால் கேட்டிராத பிள்ளை எழுத்தைக் கூட்டிப் படித்தாலும் தடுமாறும். கதை வாசிக்கக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகத் தமிழ் முன்பே பழக்கம். மற்றப் பிள்ளைகளுக்கு அது பாடப்புத்தகத்தில் திடீரென்று எதிர்ப்படும் வேறொரு மொழி மாதிரி.

சரி, என்ன செய்யலாம்? உங்களுக்குக் கோபம் வரும்போது எந்த மொழி தானாக வருகிறதோ, அதில் குழந்தையோடு பேசுங்கள். கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது பேசுங்கள். "இது என்ன? அது என்ன?" என்று எந்நேரமும் பரீட்சை வைக்காதீர்கள், நீங்கள் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணிக்காதீர்கள்.

தினமும் பத்து நிமிடம் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டுங்கள். எழுதியிருப்பதை அப்படியே படியுங்கள், அப்புறம் பேச்சுத் தமிழில் விளக்குங்கள். நடுவில் குழந்தை குறுக்கே கேட்டால் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். கதை முடியாவிட்டால் குடிமுழுகிவிடாது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் சலிக்காமல் படியுங்கள், சொற்கள் அப்படித்தான் மனதில் படியும். புத்தகம் வாங்கக் காசில்லை என்றால் குழந்தைகளுக்கான புத்தகங்களை வெளியிடும் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே இருக்கின்றன. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

போனில் ஓடும் ரைம்ஸ் பேச்சு ஆகாது, அது குழந்தைக்குப் பதில் சொல்லாது. இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டாம், அதன்பின் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

இரண்டு வயதாகியும் குழந்தை இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லவில்லையா? "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்காதீர்கள். மொழியை மாற்றிப் பார்த்து ஆறு மாதத்தை வீணாக்காதீர்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது சோதனை ஆகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும், டிஇஐசி எனப்படும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதையெல்லாம் கட்டணமில்லாமல் பார்க்கிறார்கள். போகும்போது பாட்டியையும் கூட்டிப் போங்கள். குழந்தையோடு அதிக நேரம் இருப்பவர் சொல்லும் தகவல்தான் எங்களுக்கு முதலில் வேண்டும்.